முஷ்டிக் காயமும் மனிதக்கடியும்: டாக்டர் பதில்கள்

தை பிறந்து மஞ்சுவிரட்டு முடிந்தால் கொம்பு குத்திய காயங்களைப் பற்றித்தான் கடிதம் வரும். இந்த மாதம் மனிதப் பல் பட்ட காயங்களைப் பற்றியே அதிகம் வந்திருக்கிறது. அதனால் அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று வயதுப் பேரனைப் பள்ளியில் இன்னொரு பிள்ளை தோளில் கடித்துவிட்டது. பல் பதிந்து சிவந்திருக்கிறது, ரத்தம் வரவில்லை. ஊசி போட வேண்டுமா? (ஓர் ஆச்சி, தேவகோட்டை)

வேண்டாம் ஆச்சி. தோல் கிழியாத கடிக்குச் சோப்பும் தண்ணீரும் போதும். வயதுக்குரிய தடுப்பூசிகள் தவறாமல் போட்டிருந்தால் டெட்டனஸ் கவலையும் இல்லை. ஒன்றை மட்டும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு கோரைப்பல் தடங்களுக்கு நடுவே 3 செ.மீ.க்கு மேல் இருந்தால், அது பெரியவர் வாயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அப்படியானால் பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள், பள்ளியிலும் போய் விசாரியுங்கள்.

கடிபட்ட கை வீங்கியிருக்கிறது. நல்ல மாத்திரையாக எழுதவும். (வாசகர், காரைக்குடி)

யார் கடித்தது, எந்த இடத்தில், எத்தனை நாளாயிற்று, உங்கள் வயது என்ன, சர்க்கரை உண்டா, எதுவும் எழுதவில்லை. கடிதத்தில் முக்கால் பக்கம் காலியாகக் கிடக்கிறது. வீங்கிய கைக்குத் தபாலில் மருந்து எழுத முடியாது. விரல் முழுக்க வீங்கி, சற்றே மடங்கினபடி நின்று, நீட்டினால் உயிர் போகிற வலி என்றால், இரவு பகல் பார்க்காமல் அறுவை மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். இதைப் படிக்கும்போதும் வீக்கம் இருந்தால் பத்திரிகையை வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மஞ்சுவிரட்டில் ஏற்பட்ட தகராறில் என் தம்பி ஒருவரை வாயில் குத்திவிட்டான். நடுவிரல் முட்டியில் அரை அங்குலக் காயம். ஆஸ்பத்திரியில் தையலே போடாமல், கழுவித் துணி சுற்றி, கட்டையும் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். அலட்சியம்தானே? (வாசகர், சிராவயல் அருகே)

இல்லை தம்பி. அந்த டாக்டருக்கு நேரில் போய் நன்றி சொல்லுங்கள். தையல் போடாததுதான் சரியான வைத்தியம். இதை நான் பல முறை எழுதிவிட்டேன், இன்னொரு முறையும் எழுதுகிறேன்.

முஷ்டி மடக்கிக் குத்தும்போது முட்டியின் மேல்தோல் இழுபட்டு, எலும்போடு ஒட்டி நிற்கும். அந்த இடத்தில் எதிராளியின் முன்பல் பட்டால் தோல், அதன் கீழே விரலை நீட்டும் தசைநாண், அதற்கும் கீழே மூட்டின் உறை என்று மூன்றையும் ஒரே குத்தில் துளைத்துவிடும். சண்டை முடிந்து கையை விரித்ததும் தசைநாண் பின்னுக்கு நகர்ந்துவிடுகிறது. மேல்துளையும் உள்துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. வெளியே பார்த்தால் சின்னக் கீறல், உள்ளே வாயின் கிருமிகளோடு மூடிக் கிடக்கும் மூட்டு. அதனால்தான் இந்தக் காயத்தைக் கையை விரித்து வைத்துப் பார்க்கக் கூடாது, முஷ்டி மடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பல் துணுக்கு உள்ளே இருக்கிறதா, எலும்பில் கீறல் உண்டா என்று எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். இதற்கு மேல் தையலும் போட்டால் சீழ் வெளியேற வழி இல்லாமல் போகும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞரை என்னிடம் அழைத்து வந்தார்கள். மர வேலை செய்பவர், பழைய வீடுகளின் நிலைக்கதவுகளுக்குப் பூவேலை செதுக்குகிறவர். கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லி வேறு ஓரிடத்தில் மூன்று தையல் போட்டுக்கொண்டு, நான்காம் நாள் வந்தார். புறங்கை பூரி போல உப்பியிருந்தது. தையலைப் பிரித்ததும் துர்நாற்றத்தோடு சீழ் பீறிட்டது. மூட்டைத் திறந்து கழுவியபோது அரிசிக் குருணை அளவில் ஒரு பல் துணுக்கு கிடைத்தது. அதைக் கையில் எடுத்துக் காட்டிய பிறகுதான் உண்மையைச் சொன்னார். கை பிழைத்தது. ஆனால் அந்த விரல் இன்றும் உளியைச் சுற்றி முழுசாக மடங்குவதில்லை. தையல் போட்டவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவு என்று சொன்னால் கதவுக் காயத்துக்கு உள்ள வைத்தியம்தானே செய்வார்கள்? போலீஸ் கேஸ் ஆகிவிடும், வீட்டில் திட்டுவார்கள், எல்லாம் தெரியும். மற்றவர்களிடம் எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். டாக்டரிடம் மட்டும் பல் பட்டது என்று சொல்லுங்கள். டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: முட்டி மேல் காயம் என்றால், நோயாளி என்ன கதை சொன்னாலும் பல் என்றே வைத்துக்கொண்டு பாருங்கள்.

உங்கள் தம்பி கட்டையைக் கழற்றக் கூடாது. கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தியே வைத்திருக்கட்டும், தலையணை வைத்துத் தூங்கட்டும். மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் தினமும் காயத்தைக் காட்டிவிட்டு வரட்டும். வீக்கமோ காய்ச்சலோ கூடினால் அன்றே உள்நோயாளியாகச் சேர வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் வைத்தியம் 3, 4 வாரம் இழுக்கும், எலும்புக்குள் இறங்கினால் 6 வாரம்.

எனக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. கடைத்தெருவில் சண்டையை விலக்கப் போய் முன்கையில் கடிபட்டேன். மருந்துக் கடையில் எரித்ரோமைசின் கொடுத்தார்கள். போதுமா? (வாசகர், திருப்பத்தூர்)

போதாது. மனித வாயில் ஐகெனெல்லா என்று ஒரு கிருமி உண்டு. ஆய்வகத்தில் வளர்க்கும் தட்டில் குழி பறித்துக்கொண்டு வளரும் ஜாதி. எரித்ரோமைசின், கிளிண்டாமைசின், செஃபலெக்ஸின், மெட்ரோனிடசோல் எதையும் நம்பி இதை விட முடியாது. வழக்கமாக நாங்கள் எழுதுவது அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த 625 மாத்திரைதான். தடுப்புக்கு 3 முதல் 5 நாள், சீழ் பிடித்திருந்தால் ஒன்று, இரண்டு வாரம். அது பென்சிலின் குடும்பம், உங்களுக்கு ஆகாது. ஐகெனெல்லாவுக்கு டாக்ஸிசைக்ளின், வாயின் மற்றக் கிருமிகளுக்கு மெட்ரோனிடசோல் என்று இரண்டையும் சேர்த்துத் தருவது ஒரு வழி (கர்ப்பிணிகளுக்கு டாக்ஸிசைக்ளின் வேண்டாம்). அதையும் டாக்டர் பார்த்து எழுதட்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதைச் சீட்டு எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஞாபகமறதி நோயுள்ள ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்கிறேன். குளிப்பாட்டும்போது கையைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. எய்ட்ஸ் வருமா? (வாசகி, கோட்டையூர்)

பயப்பட வேண்டாம் அம்மா. எச்சிலால் மட்டும் எச்.ஐ.வி. பரவுவதில்லை. கடித்தவர் வாயில் ரத்தக் கசிவு இருந்திருந்தால் சிறிய அபாயம் உண்டு. அதற்கான எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். வேண்டுமா இல்லையா என்று அரசு மருத்துவமனையில் பார்த்துச் சொல்வார்கள். அதைவிட ஹெபடைடிஸ் பி-யைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், அது கடியால் பரவக்கூடியது. உங்களைப் போல நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் அந்தத் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் இன்றே முதல் ஊசி. உங்கள் ரத்தம் அவர் வாயில் பட்டிருக்கிறது, எனவே பரிசோதனை இருவருக்கும். டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் வேலை. சர்க்கரை உண்டு. ஒன்றரை வயது மகள் கட்டைவிரலைக் கடித்ததில் லேசாக ரத்தம். வேலைக்குப் போகலாமா?

குழந்தைக் கடி என்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் சர்க்கரை, கைவிரல் காயம், சிமெண்டு ஈரம் மூன்றும் உங்களிடம் சேர்ந்திருக்கின்றன. ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும், காயத்தை ஆற விடாது. ஒரு வாரம் அச்சில் கை வைக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், உங்களுக்குத் தடுப்பு மாத்திரை தேவைப்படும். அப்படியே சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

மனிதப் பல் நாய்ப் பல்லைவிட விஷமாமே? எங்கள் ஆயா சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசிவிட்டார்கள். (வாசகி, கானாடுகாத்தான்)

விஷம் எதுவும் இல்லை. மேலே சொன்ன முட்டிக் காயங்களால்தான் இந்தப் பெயர் வந்தது. உடம்பின் மற்ற இடங்களில் மனிதக்கடியும் நாய்க்கடியும் சீழ் பிடிப்பதில் ஏறக்குறைய ஒன்றுதான், பூனைக்கடி இரண்டையும்விட மோசம். கடித்தவருக்கே வெறிநோய் அறிகுறி இருந்தாலொழிய நாய்க்கடி ஊசி தேவையில்லை. சுண்ணாம்பு புண்ணை வேகவைக்கும், கழுவிவிடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிடம். கடிகாரம் பார்த்து.

காது நுனியையே கடித்துத் துண்டாக்கிவிட்டால்? (வாசகர், புதுவயல்)

துண்டைத் தேடி எடுங்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகத் துண்டில் படக் கூடாது. பிளாஸ்டிக் சர்ஜன் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு உடனே போங்கள். முகத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம். அதனால் முகக் காயத்தை நன்றாகக் கழுவித் தையல் போடலாம். கைக்குச் சொன்ன விதியை இங்கே கொண்டுவர வேண்டாம்.

கடிபட்ட விரலில் கல்யாண மோதிரம். கழற்ற மனமில்லை. (வாசகி, பள்ளத்தூர்)

வீங்குவதற்குள் கழற்றுங்கள். சோப்புத் தண்ணீர் விட்டும் வரவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுப்பார்கள், வேண்டாம் என்று தடுக்காதீர்கள். வெட்டிய மோதிரத்தைப் பத்தர் பற்றவைத்துத் தந்துவிடுவார்.