திருகோணமலையில் இறப்பர் வளர்க்கலாமா?

கேள்வி: கன்னியாப் பக்கம் கிணற்றுடன் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணி உள்ளது. கேகாலையிலிருந்து உறவினர் கொண்டுவரும் விதைகளை முளைக்கவைத்து, காணி முழுவதும் இறப்பர் நடலாமா?

பதில்: மரம் வளரும், ஆனால் ஒன்றரை ஏக்கரையும் அதற்கு ஒதுக்குமாறு நான் சொல்லமாட்டேன். பாலுக்காக நாம் வளர்க்கும் இறப்பர், அமேசன் காட்டைத் தாயகமாகக் கொண்ட மரமாகையால், ஆண்டுக்குக் குறைந்தது 2,000 மில்லிமீற்றர் மழையை, அதுவும் மாதந்தோறும் பரவலாகப் பெய்யும் மழையை எதிர்பார்க்கிறது. திருகோணமலைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். இந்தக் குறையைக் கிணற்று நீரால் ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையே கொட்டித் தீர்ந்துவிட, வைகாசி தொடங்கித் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சும் மாதங்களில் இளங்கன்றின் இலைகள் ஓரம் கருகிச் சுருளுவதைத் தடுப்பது எளிதன்று. இறப்பர் மரத்தின் கிளைகள் காற்றுக்கு முறியும் இயல்புடையவை என்பதையும், 1964 மார்கழியில் திருகோணமலையைத் தாக்கியது போன்ற புயல்கள் இக்கரைக்குப் புதியவை அல்ல என்பதையும் கணக்கில் எடுங்கள்.

விதையை விட்டுவிடுங்கள். இறப்பர் விதையின் முளைப்புத்திறன் விழுந்த சில வாரங்களிலேயே வற்றிவிடும். 1876இல் ஆங்கிலேயரான ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 விதைகளில் நூற்றுக்கு நான்கு அளவே முளைத்தன. அந்த நாற்றுகளிலிருந்தே அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டவை கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. உங்கள் விதை முளைத்தாலும், தாய்மரத்தின் பால்வளம் கன்றுக்கு வரும் என்ற உறுதியில்லை. ஆகவே பதிவுபெற்ற நாற்றுமேடையில் பொலித்தீன் பையில் வளர்ந்த ஒட்டுக்கன்றுகளையே வாங்குங்கள். எந்த இனம் உலர்வலயத்துக்கு ஏற்றது என்பதை அகலவத்தையிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிறுவகத்திடம் கேட்டறிந்து வாங்குவதே நல்லது.

முதலில் காணியின் காற்று மறைந்த மூலையில் இருபது, முப்பது கன்றுகள் போதும். மாரியில் நீர் தேங்கும் இடத்தையும், ஒரு மீற்றருக்குள் பாறை தட்டும் இடத்தையும் தவிருங்கள்; ஆணிவேர் இறங்காவிட்டால் கோடையில் மரம் தாங்காது. குழிகளைப் புரட்டாதியிலேயே வெட்டி, மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, முதல் மழை மண்ணை நன்றாக நனைத்த பின், ஒட்டிய இடம் மண்ணுக்குள் புதையாதவாறு நடுங்கள். தை முடிந்ததும் அடியில் வைக்கோல் மூடாக்கு இட வேண்டும். ஆயினும் தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளியே போடுங்கள், இல்லையேல் கறையான் வைக்கோல் வழியாகவே பட்டைக்கு ஏறிவிடும். மேற்கும் தெற்கும் பார்த்த பக்கங்களில் பனையோலை மறைப்புக் கட்டி, வெயில் நேரே படும் தண்டுக்குச் சுண்ணாம்பு பூசி, முதல் மூன்று கோடைகளிலும் வாரம் இருமுறை ஆழ நனையும்படி நீர் விடுங்கள். மேலோட்டமாகத் தினமும் தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும்.

நான்கு அடி உயரத்தில் தண்டின் சுற்றளவு 50 சென்ரிமீற்றரை எட்டிய பின்னரே பால் வெட்டலாம். ஈரவலயத்தில் இதற்கு ஆறு ஆண்டுகளளவு ஆகும். இங்கு இன்னும் காத்திருக்க வேண்டும். விடியற்காலையில், பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும்போது, இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சரிவாக, உள்ளிருந்து புதுப்பட்டையை உருவாக்கும் வளர்படையைத் தொடாமல் மெல்லிய சீவலாக வெட்ட வேண்டும். கத்தி அப்படையைக் கீறினால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகவே வளரும். பிறகு அதில் ஒழுங்காக வெட்டமுடியாது.

பால் கிடைத்தாலும், அன்றே அமிலமிட்டு உறையவைக்கவும், உருளையில் அழுத்தித் தாளாக்கவும், புகைபோட்டு உலர்த்தவும் வசதி வேண்டும். களுத்துறையிலும் கேகாலையிலும் உள்ளதுபோல் அயலில் கொள்வனவு செய்பவர்கள் உங்களுக்கு இல்லை. எஞ்சிய காணியில் இந்த வெயிலுக்குப் பழகிய மரமுந்திரிகையை நடுங்கள். இறப்பர் கன்றுகள் இரண்டு கச்சான் பருவங்களைத் தாண்டித் தழைத்தால், அதன் பின்னர் எண்ணிக்கையைக் கூட்டலாம்.