நேர்சாட்சி இல்லாத கொள்ளை வழக்கு: மும்பை தாராவி வக்கீல் அண்ணாச்சி பதில்கள்

அண்ணாச்சி, வழிப்பறி கேஸில் எனக்கு ஏழு வருஷம். பார்த்த சாட்சி ஒருத்தர்கூட இல்லை. இது செல்லுமா?

செல்லும், சந்தர்ப்ப சாட்சியச் சங்கிலி (யாரும் நேரில் பார்க்காவிட்டாலும் சூழ்நிலைகள் சேர்ந்து காட்டும் ஆதாரம்) எங்கும் அறுபடாமல் இருந்தால். 1984-இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றும் அளவுகோல். இவர்தான் செய்தார் என்பதைத் தவிர வேறு எந்த முடிவுக்கும் இடம் இருக்கக் கூடாது. அது கொலை வழக்கு. ஆனாலும் கொள்ளை அப்பீல்களிலும் அதைத்தான் எடுத்து வாதாடுவோம்.

ஏழு வருஷம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் (ஐபிசி) 397-ஆம் பிரிவைப் போட்டிருக்கிறார்களா பாருங்கள். அது கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தியவருக்கு, அல்லது கொடுங்காயம் செய்தவருக்கு, கொல்லவோ கொடுங்காயம் செய்யவோ முயன்றவருக்கு மட்டும். கத்தி யார் கையில் இருந்தது என்று தீர்ப்பில் தேடுங்கள்.

சம்பவத்தன்று நான் திருநெல்வேலியில் கல்யாண வீட்டில் இருந்தேன். சொந்தக்காரர் பத்துப் பேர் சொல்வார்கள்.

பத்துப் பேரை விட ஒரு நல்ல ஆவணம் மேல். மண்டபத்து வீடியோ, அங்கே ஏடிஎம்மில் பணம் எடுத்த கணக்கு, இப்படி ஏதாவது. போன் டவர் விவரம் போன் இருந்த இடத்தைத்தான் சொல்லும், ஆள் இருந்த இடத்தை அல்ல. அலிபியை, அதாவது சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்தேன் என்பதை, நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது (பழைய சாட்சியச் சட்டம் 103, புதியதில் 106). அந்த நேரத்தில் இங்கே மும்பையில் இருந்திருக்கவே முடியாது என்று காட்ட வேண்டும். திருநெல்வேலி என்றால் தூரமே பாதி வாதம். பக்கத்திலுள்ள குர்லாவில் இருந்தேன் என்பவருக்கு அந்த வசதி இல்லை.

அலிபி பொய் என்று கோர்ட் சொல்லிவிட்டால் கதை முடிந்ததா?

இல்லை. கீழ்க்கோர்ட்டுகள் இங்கேதான் சறுக்குகின்றன. அரசுத் தரப்பு தன் காலில் நிற்க வேண்டும். சங்கிலி முழுதாக இருந்தால் பொய் அலிபி அதில் இன்னொரு கண்ணியாகலாம். விட்டுப்போன கண்ணிக்கு அது ஒட்டு ஆகாது. இதுவும் சர்தா தீர்ப்பில் இருக்கிறது. அலிபி தோற்றதால் மட்டும் தண்டித்தார்களா என்று பாருங்கள், அப்பீலில் அதுவே முதல் வாதம்.

ஒரு வருஷம் கழித்து, பறிபோன செயினை என் வீட்டில் எடுத்ததாக பஞ்சநாமா (சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பறிமுதல் குறிப்பு).

திருட்டுக்குப் பின் சீக்கிரமே பொருள் கையில் இருந்தால்தான் திருடன் என்று ஊகிக்கலாம் (பழைய சாட்சியச் சட்டம் 114-இன் முதல் உதாரணம், புதியதில் 119). ஒரு வருஷத்தில் செயின் எத்தனை கை மாறியிருக்கும்! பஞ்சநாமாவில் கையெழுத்திட்ட பஞ்ச சாட்சி அதே போலீஸுக்கு எத்தனை கேஸில் கையெழுத்துப் போட்டவர் என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்களா?

கல்யாண வீடியோ இப்போதுதான் கிடைத்தது. அப்பீலில் தரலாமா?

மனு போடலாம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 391, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் 432). விசாரணையின்போதே ஏன் தரவில்லை என்பதற்குப் பதிலை முதலில் தயார் செய்யுங்கள். வீடியோ எந்தக் கருவியில், எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் மின்னணுச் சான்றிதழும் வேண்டும்.

அப்பீலுக்கு எத்தனை நாள்?

ஹைகோர்ட்டுக்கு 60. தீர்ப்பு நகல் வாங்க ஆன நாட்கள் இந்தக் கணக்கில் சேராது.