தட்டை யார் எடுப்பது?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு 18 வயது. ஹைஸ்கூல் முடித்துவிட்டான், ஆகஸ்ட் கடைசியில் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போகிறான். அதற்கு முன் ஜூலையில் ஒரு வாரம், வர்ஜீனியா மலையில் அப்பலாச்சியன் டிரெயில் என்ற நீண்ட நடைபாதையைச் செப்பனிடும் தொண்டர் குழுவில் வேலை செய்யப் போகிறானாம். எங்களைக் கேட்காமலே விண்ணப்பித்து இடமும் வாங்கிவிட்டான். கூடாரத்தில் தூக்கம், குளியல் கிடையாது, கரடி வேறு உண்டாம். நாங்கள் சைவம். "லீவில் போய் மண் வெட்டவா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்கிறார் அவன் அப்பா. வீட்டில் அவன் சாப்பிட்ட தட்டைக்கூட அவன் தங்கைதான் எடுத்து வைப்பாள், பத்தாவது படிக்கிறாள். அப்படி வளர்ந்த பிள்ளை அங்கே என்ன செய்வான்? அனுப்பலாமா?
– ஒரு தாய்

பதில்:

சகோதரி, அனுப்புங்கள். 18 வயதுப் பையன் தானே தேடி, தானே எழுதிப்போட்டு இடம் வாங்கியிருக்கிறான். இதில் உங்கள் அனுமதிக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். சைவம் என்பதைக் குழுவினருக்கு இப்போதே எழுதிவிடச் சொல்லுங்கள். உண்ணிக் கடிக்கு முழுக்கால்சட்டை போடட்டும், ராத்திரி படுக்குமுன் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும், அந்தப் பக்கம் உண்ணியால் லைம் நோய் வரும். ஒரு வாரம் குளிக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

எனக்கு உங்கள் கடிதத்தில் வேறொரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. "அவன் சாப்பிட்ட தட்டைக்கூட அவன் தங்கைதான் எடுத்து வைப்பாள்." மகன் எவ்வளவு செல்லமாக வளர்ந்தான் என்று காட்டுவதற்காக எழுதியிருக்கிறீர்கள். நான் படித்தது உங்கள் மகளைப் பற்றி. அவளும் பள்ளிக்கூடம் போகிறாள், அவளுக்கும் பரீட்சை இருக்கிறது. அண்ணன் எழுந்து போன இடத்தில் குனிந்து எச்சில் தட்டை எடுக்கிறாள். எத்தனை வயதிலிருந்து? யார் சொல்லி ஆரம்பித்தது? நீங்கள் வாய்விட்டுச் சொல்லியே இருக்கமாட்டீர்கள். உங்கள் தட்டையும் உங்கள் கணவர் தட்டையும் நீங்கள் எடுப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பாள். கணவர் தட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கிறேன்.

முகாமில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், கேளுங்கள். சமையல், பாத்திரம், தண்ணீர் சுமப்பது எல்லாம் முறை வைத்துச் செய்வார்கள். கழுவிய தண்ணீரை வடிகட்டிச் சோற்றுப் பருக்கை வரை பையில் போட்டு ஊருக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மிச்ச நீரை, ஓடை அழுக்காகாமல், 60 மீட்டராவது தள்ளிப்போய்த் தெளிக்க வேண்டும். பருக்கையைக்கூட விடாததற்குக் காரணம் நீங்கள் பயந்த அந்தக் கரடிதான். அந்தக் காட்டில் இருப்பது கருங்கரடி. அது மனிதரைத் தேடி வராது, சாப்பாட்டு வாசனையைத் தேடி வரும். ஒருவன் தட்டை அப்படியே போட்டுவிட்டுப் படுத்தால் பக்கத்துக் கூடாரத்தில் தூங்குகிறவருக்கும் ஆபத்து. அங்கே அவன் தட்டை எடுக்கத் தங்கை இல்லை. ஒரு வேளை பார்ப்பார்கள், மறுவேளை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். கரடியைவிட எனக்கு அந்தத் தலைகுனிவைப் பற்றித்தான் கவலை. அவனை அப்படி நிறுத்தப்போவது உங்கள் வளர்ப்பு.

அவன் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. மண் வெட்டுவதைக் கேவலமாகப் பேசாதீர்கள். அந்தப் பாதை ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்னில் கட்டாடின் வரை, 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கிலோமீட்டர் போகிறது. பென்டன் மெக்கே என்ற வனவியலாளர் 1921இல் இப்படியொரு பாதைக்கான யோசனையை எழுதினார், 1937இல் முழுப்பாதையும் இணைந்தது. அன்றிலிருந்து அதைக் காப்பாற்றி வருகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். மலைப்பாதைக்குப் பெரிய எதிரி தண்ணீர். மழைநீர் பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடினால் மண் அரித்துப் பாறையும் வேரும்தான் மிஞ்சும். அதனால் பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல்லோ மரமோ பதித்து நீரை ஓரத்துக்குத் திருப்புவார்கள். கடப்பாரையால் பாறையை நெம்பி உருட்டிவந்து படி கட்டுவார்கள். பதித்த கல் மேல் ஏறி நின்று பார்ப்பார்கள், ஆடினால் எடுத்துவிட்டு மறுபடி பதிப்பார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வடக்கு கரோலினா, டென்னசி, வர்ஜீனியா பகுதிகளில் பாதை மேல் மரங்களைச் சாய்த்துப் போட்டபோதும் அறுத்து வழிவிடத் தொண்டர்கள் போனார்கள். யாரோ முகம் தெரியாதவர் நடக்க வேண்டும் என்று உங்கள் மகன் வேர்க்கப் போகிறான். படித்ததற்கு இதைவிட நல்ல அடையாளம் என்ன வேண்டும் உங்களுக்கு?

அவன் நல்ல பிள்ளைதான். ஊர் நடக்கிற வழிக்குக் கல் தூக்க மனசு இருக்கிறவனுக்குத் தங்கையின் கை கண்ணில் படவில்லை என்றால், அதை மறைத்து நின்றது நீங்களும் உங்கள் கணவரும். பொதுத்தொண்டு வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவள் நான். வெளியே உழைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிற ஆண்களை நம் குடும்பங்களில் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாயிற்று.

ஜூலை வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரியே மகளிடம், அண்ணன் காதில் விழும்படி, "இனி நீ யார் தட்டையும் எடுக்காதே" என்று சொல்லுங்கள். அவன் எழுந்து போய்விட்டால் தட்டு அங்கேயே கிடக்கட்டும். காலையில் காய்ந்து கிடந்தாலும் நீங்கள் தொடாதீர்கள், அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். கிளம்புமுன் எல்லாருக்கும் நாலு நாள் சாம்பார், சாதம் அவன் வைக்கட்டும், பாத்திரமும் அவனே தேய்க்கட்டும். உங்கள் கணவரும் தன் தட்டோடு சிங்க்குக்கு நடக்கட்டும். அவர் உட்கார்ந்திருந்தால் மகன் எழுந்திருக்க மாட்டான்.

இன்னொன்று. 15 வயதுப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கோடைக்காலக் குழுக்கள் அமெரிக்காவில் உண்டு. உங்கள் மகளுக்குப் போக ஆசையா என்று யாராவது கேட்டீர்களா? அடுத்த கடிதத்தில் மகனைப் பற்றி எழுத வேண்டாம். அவளைக் கேட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதுங்கள்.