புள்ளிவிபரவியல் பிடிபடவில்லை, எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி: பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். இணைந்த கணிதத்தில் நல்ல பெறுபேறு. ஆனால் பிரயோகப் புள்ளிவிபரவியலில் சூத்திரம் தெரிந்தும் எதை எங்கே போடுவது என்று விளங்கவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: நானும் பரீட்சையில் பாஸ் பண்ணியவன்தான். விளங்கியது என்னவோ கொழும்பில் ஒரு கட்டட வேலையில் கொங்கிரீட் கியூப் உடைத்தபோது.

150 மில்லிமீற்றர் பக்கமுள்ள குற்றி அது. லொறி வந்ததும் அச்சில் வார்த்து, மறுநாள் கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் போட்டு, 28ஆம் நாள் அமுக்கி உடைப்போம். ஒருநாள் ஆறு கியூப் உடைத்தேன்: 24, 36, 29, 33, 26, 32. சதுர மில்லிமீற்றருக்கு இத்தனை நியூட்டன் என்று கணக்கு. இடை (சராசரி) 30. கேட்டது கிரேட் 25, தாராளமாகக் காணும் என்று தாளை நீட்டினேன். ஆய்வுகூடத்தில் இருந்த அண்ணா பக்கத்தில் ஒரு பழைய தாளை வைத்தார்: 29, 31, 30, 30, 28, 32. அதற்கும் இடை 30. "ரெண்டும் ஒரே கொங்கிரீட்டா?" என்றார்.

நியம விலகல் பார்த்தேன், அதாவது இலக்கங்கள் இடையைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று. என்னுடையது 4.5, பழையது 1.4. கிரேட் 25 என்றால் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் 25க்குக் கீழே போகக்கூடாது. இடையைச் சுற்றி மணி வடிவில் பரவும் செவ்வன் பரம்பலில் அந்த எல்லை, இடையிலிருந்து 1.64 நியம விலகல் கீழே இருக்கும். கழித்துப் பார்த்தால் எனக்கு 22.6, பழைய தாளுக்கு 27.7. இடை அப்படியே இருக்க, சிதறல் ஒன்றே தீர்ப்பை மாற்றிவிட்டது.

பழைய தாள்தான் நல்லது என்று சொல்லப்போனேன். "லொறி நம்பரைப் பார்" என்றார். என் ஆறும் ஆறு லொறிகளில் எடுத்தவை. பழைய ஆறும் ஒரே லொறி! அப்படியானால் அந்த 1.4 அந்த லொறிக்குள் இருக்கும் சிதறலை மட்டும்தான் சொல்லும். அன்று ஊற்றிய மற்ற லொறிகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் நான் இன்றும் பிடிவாதக்காரன்: இலக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் சூத்திரத்தில் கை வைக்கவே கூடாது.

ஆறு இலக்கத்துக்கு 1.64 போதவும் போதாது. நியம விலகலையே அந்த ஆறிலிருந்துதானே ஊகித்தோம்? டப்ளினில் கினஸ் பியர் ஆலையில் வேலை செய்த கொசெட், சிறிய மாதிரிகளோடு மல்லுக்கட்டித்தான் 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் இதற்கு வழி சொன்னார். டி பரம்பல் அங்கிருந்து வந்தது. அட்டவணையில் 5 சுயாதீனப் படிக்கு (ஆறு இலக்கத்தில் ஒன்று குறைய) 1.64இன் இடத்தில் 2.02 இருக்கும். ஏன் கூடுகிறது என்று விளங்கினால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

சரி, உங்களிடம் கியூப் இல்லை. காலையில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு பஸ் எடுக்கும் நேரத்தை 30 நாள் எழுதுங்கள், மழையா இல்லையா என்றும் சேர்த்து. கையாலேயே வரைந்து பாருங்கள். பஸ் பிந்துவதற்கு எல்லையில்லை, முந்துவதற்கு உண்டு. அதனால் பெரும்பாலும் வலப்பக்கம் வால் நீண்டு, இடை, இடையத்தைத் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இலக்கத்தைத்) தாண்டி நிற்கும். பிறகு மழை நாளையும் மற்ற நாளையும் பிரித்து, இரண்டின் இடைகளும் உண்மையாகவே வேறுதானா என்று டி சோதனை செய்யுங்கள். ரிக்ரெஷன், அனோவா எல்லாம் அதற்குப் பிறகு.