ஒரே வீட்டில் மூன்று பேருக்குச் சளி: எந்தக் கைவைத்தியம் யாருக்கு?

கேள்வி: எங்கள் வீட்டில் 9 மாதக் கைக்குழந்தை, 6 வயது மகள், 68 வயது மாமியார் இருக்கிறார்கள். மகளுக்கு வந்த சளி, இருமல் இப்போது மூவருக்கும் பரவிவிட்டது. மாமியார் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தேன், அதிமதுரம், ஆவி பிடிப்பது, கற்பூரத் தைலம் என்று இயற்கை முறையிலேயே சமாளிக்க விரும்புகிறோம். எதை யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம்? எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பதில்: "யாருக்கு" என்று பிரித்துக் கேட்டீர்களே, அதுதான் இதில் முக்கியமான கேள்வி. பல வீடுகளில் ஒரே பாத்திரத்தில் காய்ச்சியதை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் சொன்ன நான்கில் மூன்று உங்கள் கைக்குழந்தைக்கு ஆபத்தானவை. நான்காவது உங்கள் மாமியாருக்கு ஆகாது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் தேன். 9 மாதக் குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. நாக்கில் தடவுவது, வெந்நீரில் ஒரு சொட்டு கலப்பது, மருந்தைக் குழைத்துக் கொடுப்பது எதுவுமே வேண்டாம். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றுக்குள் அவை போனாலும் முளைக்க இடமில்லாமல் வெளியேறிவிடும். ஏனென்றால் நம் குடலில் ஏற்கெனவே நல்ல பாக்டீரியாக்கள் நிறைந்திருக்கின்றன. ஒரு வயது ஆகாத குழந்தையின் குடல் இன்னும் அந்த நிலைக்கு வந்திருக்காது. வித்துகள் அங்கே முளைத்து, நரம்புகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சைச் சுரக்கும். இது அபூர்வமாகத்தான் நடக்கிறது. ஆனால் நடந்தால் குழந்தையின் மூச்சே நின்றுபோகலாம்.

"சுத்தமான மலைத்தேன்தான்", "காய்ச்சித்தான் கொடுத்தோம்" என்று சிலர் சொல்வார்கள். சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேனீ பூவிலிருந்து கொண்டு வரும்போதே வித்தும் கூட வரலாம். கொதிக்க வைத்தாலும் அது சாகாது. அதை அழிக்க அழுத்தத்தோடு கூடிய 121 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். வீட்டு அடுப்பில் திறந்த பாத்திரத்தில் அந்த வெப்பம் வராது.

இதற்குள் கொடுத்திருந்தால் பதற வேண்டாம். தேன் சாப்பிட்ட பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அடுத்த ஒரு மாதம் கவனமாக இருங்கள். மலச்சிக்கல், அழுகைச் சத்தம் மெலிவது, பால் உறிஞ்சச் சிரமப்படுவது, கண் இமைகள் தொங்குவது, கழுத்தும் கைகாலும் துவண்டு போவது என எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தேன் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இதற்குச் சிகிச்சை இருக்கிறது, சீக்கிரம் போனால் நல்ல பலன் கிடைக்கும்.

அதே தேன் உங்கள் 6 வயது மகளுக்கு நல்லது. இருமலுக்கு உண்மையாகவே கொஞ்சம் பலன் தருகிறது என்று ஆய்வுகளில் தெரிந்த சில கைவைத்தியங்களில் இதுவும் ஒன்று. படுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, அப்படியேவோ வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்தோ கொடுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தை என்றால் அரை டீஸ்பூனே போதும். தொண்டையில் படலம் போலப் படிந்து எரிச்சலைக் குறைக்கும், இரவில் இருமல் கொஞ்சம் அடங்கும், பிள்ளை தூங்கும். அப்புறம் பல் தேய்க்க வைத்துவிட்டுப் படுக்க வையுங்கள்.

மாமியாரும் சாப்பிடலாம். ஆனால் தேன் இயற்கையானது என்பதால் சர்க்கரை ஏறாது என்று நினைக்க வேண்டாம். ஒரு டீஸ்பூன் தேனில் சுமார் 6 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு வேளை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாளைக்கு நான்கைந்து முறை என்று போனால் கணக்கு ஏறிவிடும். உடம்பு சரியில்லாத நாட்களில் சர்க்கரை அளவு தானாகவே கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆவி பிடிப்பது. இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தைக் குழந்தைகள் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். ஆவியால் சளி சீக்கிரம் குணமாகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அந்த நேரத்துக்கு மூக்கு திறந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் போர்வைக்குள் ஒரு குழந்தை காலை உதைத்தால் பாத்திரம் மடியில் கவிழ்ந்துவிடும். 60 டிகிரி சூடுள்ள தண்ணீரே சில நொடிகளில் ஆழமான புண்ணை உண்டாக்கும். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடானது. கிடைப்பது சற்று நேர ஆறுதல், பணயம் வைப்பது பிள்ளையின் தொடையும் வயிறும். எனக்கு இது சம்மதமில்லை.

ஈரக் காற்று வேண்டும் என்றால், குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் படாத தூரத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். மாமியார் ஆவி பிடிக்கத்தான் வேண்டும் என்றால், பாத்திரம் அசையாத மேசை மேல் இருக்கட்டும், தண்ணீர் கொதி அடங்கியதாக இருக்கட்டும், குழந்தைகள் அந்த அறையில் வேண்டாம். தப்பித்தவறி யாருக்காவது சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மாவு, வெண்ணெய், ஐஸ் எதுவும் வைக்காதீர்கள்.

கற்பூரத் தைலத்தை நான் இன்னும் கடுமையாகவே சொல்வேன். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். வாய் வழியாகப் போனால் நஞ்சு. ஒரு கிராமுக்குக் குறைவான அளவே சின்னக் குழந்தைக்கு வலிப்பைக் கொண்டு வரலாம், அதுவும் சில நிமிடங்களிலேயே. அதனால் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கற்பூரம் கலந்த எதையும் நெஞ்சிலோ மூக்கிலோ தடவ வேண்டாம். யூகலிப்டஸ் எண்ணெயும் அப்படித்தான்; ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்குக் கடுமையான நஞ்சாகலாம். மகளுக்கு நெஞ்சிலும் முதுகிலும் லேசாகத் தடவலாம். மூக்குத் துவாரத்திலும் கண்ணுக்குப் பக்கத்திலும் புண் இருக்கும் இடத்திலும் வேண்டாம். புட்டியை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் புட்டியோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம்.

அப்படியானால் கைக்குழந்தைக்கு என்னதான் செய்வது? உப்பு நீர்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத உப்புச் சொட்டு மருந்தை வாங்கி, பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். இளகிய சளியை மென்மையான உறிஞ்சியால் எடுத்துவிடுங்கள். இந்த வயதில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது, அதனால்தான் சிணுங்குகிறது. மூக்கைத் திறந்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வழக்கமாகக் குடிக்கும் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். தலைக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்தாதீர்கள். மல்லாக்க, சமதளத்தில் படுப்பதுதான் பாதுகாப்பு.

மகளும் மாமியாரும் கொப்பளிக்கலாம். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, நாளைக்கு மூன்று நான்கு முறை. மாமியாருக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். ஜப்பானில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், 387 பேரைக் குழுக்களாகப் பிரித்து 60 நாட்கள் கவனித்தார்கள். வெறும் தண்ணீரில் தினமும் கொப்பளித்தவர்களுக்குச் சளி வருவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. செலவே இல்லாத பழக்கம் என்பதால் இதை நான் எல்லோருக்கும் சொல்வேன். மூக்குக்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருந்தால் மட்டும் ஓர் எச்சரிக்கை: காய்ச்சி ஆறவைத்த தண்ணீராகவே இருக்க வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் 2011-ல் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இரண்டு பேர், அதிலிருந்த அமீபா மூளைக்குள் போய் இறந்தார்கள்.

இனி அதிமதுரம். உங்கள் மாமியாருக்கு வேண்டாம் என்று நான் சொன்னது இதைத்தான். தொண்டைக்கு இதமாக இருப்பது உண்மை. ஆனால் அதில் இருக்கும் கிளிசரைசின் என்ற பொருள் சிறுநீரகத்தில் வேலை செய்து, உப்பையும் தண்ணீரையும் உடம்பிலேயே தங்க வைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். ரத்த அழுத்தம் ஏறும். சிறுநீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு பொட்டாசியம் இன்னும் குறைந்து, இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். காலையும் மாலையும் இரண்டு வாரம் கஷாயமாகக் குடித்துவிட்டு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் அழுத்தம் ஏன் குறையவில்லை என்று குழம்புகிறவர்கள் உண்டு. டாக்டர் மருந்துப் பட்டியலைக் கேட்கும்போது கஷாயத்தை யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள். இதற்கிடையில் மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்கித் தரவும் வேண்டாம், அவற்றில் பலவும் ரத்த அழுத்தத்தை ஏற்றும். இஞ்சி, பூண்டு, மஞ்சள் சமையலில் சேர்க்கும் அளவுக்குத் தாராளமாகச் சாப்பிடலாம். கேப்ஸ்யூலாக விற்பது வேறு விஷயம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

கைவைத்தியம் வேண்டாம் என்றால் இருமல் சிரப் கொடுக்கலாமா என்று அடுத்து தோன்றும். சின்னக் குழந்தைகளுக்கு அதுவும் வேண்டாம். பலன் மிகக் குறைவு, பக்க விளைவு அதிகம். காய்ச்சல் இருந்து குழந்தை துவண்டிருந்தால் பாராசிட்டமால் போதும். அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்கட்டும், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் போக வேண்டாம். 16 வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் கூடாது.

சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. சளி மஞ்சளாக, பச்சையாக மாறினால் உடனே ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்ற எண்ணமும் சரியல்ல. அந்த நிறம் நம் வெள்ளை அணுக்கள் வேலை செய்வதால் வருவது. மூக்கொழுகல் 7 முதல் 10 நாளில் அடங்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சகஜம்தான், அதற்காக மகளுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை என்று வருந்தாதீர்கள். அதோடு, இரவெல்லாம் விழித்துப் பார்த்துக்கொள்ளும் நீங்களும் பகலில் கொஞ்சம் தூங்குங்கள். 164 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு விட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2015-ல் வந்தது. அதில் ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது.

சரி, எப்போது டாக்டரிடம் போவது? மாமியாருக்கு மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால், சர்க்கரை அளவு வழக்கத்தைவிட மிகவும் ஏறினால் காத்திருக்க வேண்டாம். மகளுக்குக் காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, காது வலித்தாலோ, தணிந்த காய்ச்சல் திரும்ப வந்தாலோ காட்டிவிடுங்கள். கைக்குழந்தை பாலை மறுத்தால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், எழுப்ப முடியாமல் மயங்கிக் கிடந்தால், உதடு நீலம் பாரித்தால் அன்றே, அப்போதே போக வேண்டும்.

இன்னொன்றை இன்று இரவே பழகிக்கொள்ளுங்கள். குழந்தை தூங்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் 11 மாதம் வரை உள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அழும்போதோ பால் குடித்த உடனேயோ எண்ணினால் தப்பாக வரும். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் சற்று நேரம் கழித்து இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் கூடுதலாகவே இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ விடியும் வரை பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே கிளம்பிவிடுங்கள்.