ஏலத்துக்குப் போன இடத்தில் அலமாரி இல்லை!

கேள்வி: மதுராந்தகத்தை அடுத்த ஒரு பழைய பண்ணை வீட்டின் மரச்சாமான்கள் ஏலத்துக்கு வருவதாக நாளிதழில் விளம்பரம் பார்த்தோம். கண்ணாடிக் கதவு வைத்த பர்மா தேக்குப் புத்தக அலமாரியும் அதில் குறிப்பிடப்பட்டிருந்ததால், வாடகைக் கார் அமர்த்திச் சென்றோம். அங்கே போனபின், அலமாரியை ஏலம் விடப்போவதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். கார் வாடகையையாவது கேட்டுப் பெற முடியுமா? அடுத்த மாதம் அதே பகுதியில் நடக்கவிருக்கும் ஏலத்தில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஆனால் வாடகை கிடைப்பது அரிது. ஏறத்தாழ இதே சங்கடம் 1873-இல் இங்கிலாந்தில் ஹாரிஸ் – நிக்கர்சன் வழக்காக நீதிமன்றம் ஏறியது. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் ஊரில் அலுவலக மரச்சாமான்கள் ஏலத்துக்கு வரும் என்ற விளம்பரத்தை நம்பி லண்டனிலிருந்து சென்ற தரகர், அவை விலக்கிக்கொள்ளப்பட்டதைக் கண்டு, வீணான நேரத்துக்கு ஈடு கேட்டார். விளம்பரம் என்பது ஏலம் நடத்தும் எண்ணத்தைத் தெரிவிப்பதே தவிர, வருகிறவர் ஒவ்வொருவருடனும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆகாது என்று கூறி, நீதிமன்றம் அவருடைய கோரிக்கையைத் தள்ளிவிட்டது. நம் ஒப்பந்தச் சட்டப் பாடங்களிலும் இத்தீர்ப்பு இடம்பெறுகிறது. டேவணித் தொகை (ஏலத்தில் பங்கேற்க முன்கூட்டியே கட்டும் பணம்) ஏதேனும் கட்டியிருந்தால் அதை மட்டும் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். இனிமேல், புறப்படும் நாள் காலையிலேயே ஏலம் நடத்துபவரைத் தொலைபேசியில் அழைத்து, நீங்கள் விரும்பும் சாமான் பட்டியலில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது.

அடுத்த ஏலத்துக்குச் செல்லும்போது, சாமான்களைப் பார்வையிட ஒதுக்கிய நேரத்திலேயே கைவிளக்குடன் போய்விடுங்கள். முன்பக்கத்துப் பாலிஷைப் பார்த்து மயங்க வேண்டாம். தேக்கு நிறம் ஏற்றிய மட்டமான மரமும் அந்தப் பளபளப்பில் தேக்காகவே தெரியும். டிராயரை முழுவதுமாக வெளியே இழுத்துக் கவிழ்த்து, பாலிஷ் படாத அடிப்பலகையைப் பாருங்கள். பலகையின் ஓரத்தில் மெல்லிய தாள் போன்ற அடுக்கு தெரிந்தால் அது மேலே ஒட்டிய மரத்தகடு (வெனீர்). குண்டூசித் தலை அளவுத் துளைகளும், தட்டினால் கோதுமை மாவு போல உதிரும் புதுத் தூளும் இருந்தால், உள்ளே வண்டு இன்னும் வேலை செய்கிறது என்று பொருள். வைரம் பாய்ந்த தேக்கை அது எளிதில் தொடாது. வெளிறிய வெள்ளைப் பகுதியைச் சேர்த்து அறுத்த சட்டங்களில்தான் புகும். பழைய துளைகள் மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் அஞ்ச வேண்டியதில்லை.

அலமாரியின் உயரத்தையும் ஆழத்தையும் நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சென்னை அடுக்குமாடிகளின் லிஃப்டில் நுழையாத பெரிய அலமாரியை மாடிப்படி வழியே தூக்க ஆட்களும் கூலியும் தேவைப்படும். குட்டியானை வாடகை, ஏற்று இறக்குக் கூலி, பாலிஷ் செலவு, நாற்காலியென்றால் பிரம்புப் பின்னல், சில இடங்களில் ஏல விலைக்கு மேல் கேட்கும் கமிஷன் ஆகிய எல்லாவற்றையும் நீங்கள் செலவிட நினைத்த பணத்திலிருந்து கழித்தபின் மிஞ்சும் தொகையே ஏலத்தில் உங்கள் உச்ச வரம்பு. ஏலம் சூடு பிடித்தபின் கணக்குப் போட யாருக்கும் அவகாசம் இருப்பதில்லை.

கேள்வி: வேகத்தில் கூடுதலாகக் கேட்டுவிட்டால் பின்வாங்கலாமா? விலையை ஏற்றிவிட ஆள் வைப்பார்கள் என்கிறார்களே?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: பின்வாங்கலாம், ஆனால் சுத்தியல் விழுவதற்குள். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி, சுத்தியல் தட்டியோ, 'மூன்றாம் தரம்' சொல்வது போன்ற வழக்கமான முறையிலோ முடிவை அறிவிக்கும் வரை கேட்பைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. ஏல நிபந்தனைத் தாளில் இதற்கு மாறாக, விலகினால் டேவணி பறிமுதல் என்று அச்சிட்டிருக்கக்கூடும் என்பதால், கையெழுத்திடும் முன் படித்துவிடுங்கள். உரிமையாளர் தாமும் கேட்கப்போவதாக முன்கூட்டியே அறிவிக்காமல், தாமோ தம் ஆள் மூலமோ விலையை ஏற்றினால் அது சட்டவிரோதம்; அந்த விற்பனையை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. நிரூபிப்பதுதான் கடினம். பக்கத்து நாற்காலிக்காரர் உண்மையிலேயே ஆசைப்பட்டவரா, ஏவிவிடப்பட்டவரா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.