வாசகர் கேள்வி பதில்: கங்காரு தீவில் எந்தப் பக்கம் தங்குவது?

கேள்வி: என் மகள் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் வேலை பார்க்கிறாள். வரும் ஜூலையில் அவளுடன் கங்காரு தீவுக்குச் சென்று மூன்று இரவுகள் தங்கலாம் என்றிருக்கிறோம். கிங்ஸ்கோட் ஊரில் ஒரே விடுதியில் மூன்று இரவும் தங்கிக்கொண்டு, தினமும் காரில் சுற்றி வரலாம் என்கிறாள் மகள். விலங்குகளை அவற்றின் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. இந்த ஏற்பாடு சரியா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஊர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு உங்கள் மகள் சொல்லும் ஏற்பாடு வசதியானதுதான். தீவின் பெரிய ஊர் கிங்ஸ்கோட். விமான நிலையம், மருத்துவமனை, மளிகைக் கடைகள், உணவகங்கள் எல்லாம் அங்கேயோ அதற்கு அருகிலோ இருக்கின்றன. ஆனால் விலங்குகளுக்காகவே போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், மூன்று இரவுகளில் இரண்டையாவது தீவின் மேற்குப் பாதியில் தங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

கங்காரு தீவு வரைபடத்தில் சிறிதாகத் தெரிந்தாலும், அதன் பரப்பளவு ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர்; கிழக்கு மேற்காக 150 கிலோமீட்டர் நீளம். கேப் ஜெர்விஸ் துறையிலிருந்து காரோடு ஏறும் கப்பல் 45 நிமிடங்களில் உங்களைக் கொண்டுபோய் இறக்கும் பென்னஷா, தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. ஃப்ளிண்டர்ஸ் சேஸ் தேசியப் பூங்காவோ மேற்குக் கோடியில். கிங்ஸ்கோட்டிலிருந்து அந்தப் பூங்காவுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிச் செல்ல வேண்டும். பகலில் அது பெரிய தொல்லை இல்லை, மாலையில்தான் சிக்கல்.

கங்காருவும், அதன் சிறிய உறவான வாலபியும், மரங்களில் வாழும் போசமும் பகலெல்லாம் புதர் நிழலிலோ மரப்பொந்திலோ ஒடுங்கிக் கிடந்துவிட்டு, பொழுது சாயும்போதுதான் மேய வெளியே வரும். ஜூலையில் அங்கே குளிர்காலம். மாலை ஐந்தரை மணிக்குள் கதிரவன் மறைந்துவிடும். கிங்ஸ்கோட்டில் அறை எடுத்திருப்பவர், பூங்காவில் விலங்குகள் தலைகாட்டத் தொடங்கும் அதே நேரத்தில் காரைக் கிளப்பியாக வேண்டும். இல்லையென்றால் இருட்டில் இரண்டு மணி நேரம் வரை ஓட்ட வேண்டும். இரண்டுமே நல்லதல்ல.

நரியும் முயலும் இந்தத் தீவில் குடியேறவில்லை. பெருநிலத்தில் எத்தனையோ சிறு விலங்கினங்களை அருகச் செய்ததில் நரிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் தொல்லை இல்லாததால் இங்கே வாலபிகள் ஏராளமாகப் பெருகி வாழ்கின்றன. ஆகவே இரவில் சாலையைக் கடப்பவையும் ஏராளம். முகப்பு விளக்கின் ஒளியில் அவை திகைத்து நிற்கும், அல்லது ஓடுகிற திசையை மாற்றிக்கொண்டு காரின் குறுக்கேயே பாயும். காலையில் சாலையோரத்தில் அடிபட்டுக் கிடக்கும் உடல்களைப் பார்த்தால் மனம் பதறும். நாம் பார்க்க ஆசைப்பட்டு வந்த உயிரை நம் வண்டியே கொல்வது போன்ற துயரம் வேறில்லை. வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால், இரவில் ஓட்டுவதற்கும் சரளைக்கல் சாலைகளில் செல்வதற்கும் காப்பீடு பொருந்துமா என்பதை ஒப்பந்தத்தில் ஒரு முறைக்கு இரு முறை படித்துப் பாருங்கள். தீவில் முக்கியச் சாலைகளுக்குத் தார் போட்டிருக்கிறார்கள். பல கிளைச் சாலைகள் இன்னும் சரளைதான்.

எனவே இப்படிச் செய்யலாம். காலைக் கப்பலில் இறங்கியதும் நேரே தென்கரையில் உள்ள சீல் பே பாதுகாப்புப் பகுதிக்குப் போய்விடுங்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் ஆஸ்திரேலியக் கடல் சிங்கங்கள் அங்கே மணலில் படுத்துறங்கும். மூன்று நாள்போல் கடலில் இரை தேடிவிட்டு வந்து அசந்து தூங்குபவை என்பதால், அவற்றைப் பட்டப்பகலிலேயே நன்றாகப் பார்க்கலாம். வழிகாட்டியுடன்தான் மணலில் இறங்க முடியும். மரநடைபாதையில் நீங்களாகவே நடந்து பார்க்கலாம். பிறகு இருட்டுவதற்கு முன்பே விவோன் பே அல்லது அதற்கும் மேற்கே எடுத்த தங்குமிடத்துக்குச் சென்று சேர்ந்துவிடுங்கள். அங்கே இரண்டு இரவுகள் தங்கினால், நடுவில் கிடைக்கும் முழுப் பகலையும் பூங்காவுக்கு ஒதுக்கலாம். கடைசி இரவைப் பென்னஷாவில் கழித்தால், மறுநாள் கப்பலைப் பிடிக்க அதிகாலை இருட்டில் ஓட்ட வேண்டியிருக்காது.

மேற்கே வீடு தேடும்போது படுக்கையறைகளின் படங்களை விட வீட்டைச் சுற்றிய நிலத்தின் படங்களைக் கவனியுங்கள். வீட்டின் முன் திறந்த புல்வெளியும், அதன் ஓரத்தில் புதர்க்காடும், பார்த்துக்கொண்டு உட்காரத் தாழ்வாரமும் இருந்தால் அதுவே சிறந்த இடம். அந்தி வேளையில் தாழ்வார விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் அமர்ந்திருந்தால், முதலில் புதர் ஓரத்தில் இரண்டு காதுகள் மட்டும் தெரியும். சற்று நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் புல்லுக்கு இறங்கி வரும். மேயும் கங்காரு துள்ளுவதில்லை. முன்கால்கள் இரண்டையும் வாலையும் தரையில் ஊன்றி உடலைத் தாங்கிக்கொண்டு, பின்கால்களைத் தூக்கி முன்னே வைத்து மெல்ல நகரும். வால் ஐந்தாவது காலாக வேலை செய்வதை அவ்வளவு அருகில் காண்பதற்கு ஒரு மாலை முழுவதையும் கொடுக்கலாம். தாயின் பையிலிருந்து குட்டிகள் எட்டிப்பார்க்கும் பருவமும் இந்தக் குளிர்காலம்தான்.

விளம்பரத்தில் "கங்காருவுக்கு உங்கள் கையால் உணவூட்டலாம்" என்று எழுதியிருக்கும் வீடுகளைத் தவிர்த்துவிடுங்கள். ரொட்டியும் பிஸ்கட்டும் அவற்றின் வாய்க்கும் வயிற்றுக்கும் ஊறு செய்யும். மனிதர்களிடம் பயம் விட்டுப்போன விலங்கு சாலையிலும் பயமின்றி நிற்கும்.

ஜூலை முற்பகுதியில் தொடங்கி நடுப்பகுதி வரை தென் ஆஸ்திரேலிய மாநிலத்தில் பள்ளி விடுமுறை வரும். அந்த நாள்களில் போவதானால், தங்குமிடத்தோடு காருக்கான கப்பல் இடத்தையும் சேர்த்தே முன்பதிவு செய்துவிடுங்கள். இரவில் நம் ஊட்டியைப் போன்ற குளிர் இருக்கும். வீட்டில் கணப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எழுபது வயது தாண்டிய பெற்றோரையும் அழைத்துச் செல்கிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி, இருவருமே சைவம். எங்களுக்கும் மேற்குப் பகுதியைத்தான் சொல்வீர்களா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை. உங்களுக்கு கிங்ஸ்கோட்டே நல்லது. தீவின் மருத்துவமனை அங்கே இருக்கிறது, மருந்துக் கடையும் அங்கே உண்டு. மேற்குப் பகுதியில் பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல்கூடக் கிடைக்காது. ஊரை ஒட்டிச் சமையலறையுடன் கூடிய வீடாக எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, மசாலாப் பொருள்களை அடிலெய்டில் உள்ள இந்தியக் கடைகளில் வாங்கிச் சென்றால் உணவுக் கவலை தீர்ந்தது. ஊருக்கு வெளியே புல்வெளி உள்ள வீடானால் அம்மா தாழ்வாரத்தில் அமர்ந்தபடியே வாலபிகளைப் பார்க்கலாம்.

சீல் பேயின் மரநடைபாதையில் மெதுவாக நடந்து வர அவரால் முடியும். பூங்காவின் கோடியில் உள்ள அட்மிரல்ஸ் ஆர்ச் என்னும் பாறை வளைவுக்குப் படிகள் பல இறங்கி ஏற வேண்டும். அதன் அடியில் படுத்திருக்கும் நீண்டமூக்கு ரோமச் சீல்களை வழியில் உள்ள மேடைகளிலிருந்தே காணலாம் என்பதால், கீழே வரை போகாவிட்டாலும் இழப்பில்லை. பூங்காவுக்கு ஒரு நாள் போவதானால் காலையில் நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, பிற்பகல் மூன்று மணிக்கு முன்பாகவே திரும்பத் தொடங்குங்கள்.

பென்னஷாவில் சிறிய பெங்குவின்களைப் பார்க்கலாம் என்று யாரேனும் சொல்லியிருக்கக்கூடும். தீவில் அவற்றின் எண்ணிக்கை மிகவும் குறைந்துபோனது வருத்தத்துக்குரிய உண்மை. அவற்றை மட்டும் நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கேள்வி: பழைய பயண வழிகாட்டி நூல் ஒன்றில், பூங்காவுக்குள்ளேயே கலங்கரை விளக்கக் காவலர்கள் வாழ்ந்த கல்வீடுகளில் தங்கலாம் என்று படித்தேன். இப்போதும் முடியுமா? நாங்கள் ஜனவரியில் போகிறோம்.
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: முடியும். ஆனால் அந்த நூலில் உள்ள மற்ற முகவரிகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலும் பரவிய காட்டுத்தீயில் தீவின் ஏறக்குறைய பாதி, சுமார் 2,10,000 ஹெக்டேர், எரிந்துபோனது. ஃப்ளிண்டர்ஸ் சேஸ் பூங்காவின் பெரும்பகுதியும், ராக்கி ரிவரில் இருந்த பழைய தங்கும் வீடுகளும் அதில் போயின. சதர்ன் ஓஷன் லாட்ஜ் என்ற புகழ்பெற்ற ஆடம்பர விடுதியும் எரிந்து, 2023 டிசம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. தீயில் எண்ணற்ற கோவாலாக்கள் மாண்டன. (அவை 1920களில் பெருநிலத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை, தீவின் ஆதி விலங்குகள் அல்ல.) காடு இப்போது அடர்த்தியாகத் துளிர்த்து வருகிறது.

நீங்கள் குறிப்பிடும் கல்வீடுகள் கேப் டு கூடிக் முனையில், 1909இல் ஒளியேற்றப்பட்ட கலங்கரை விளக்கத்தின் அருகில் இருக்கின்றன. விலங்குகளை விரும்புகிறவர்களுக்குத் தீவில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அட்மிரல்ஸ் ஆர்ச் நடக்கும் தூரம். ரிமார்க்கபிள் ராக்ஸ் பாறைகள் சில கிலோமீட்டரில். சுற்றுலாப் பேருந்துகள் திரும்பிய பிறகு சீல்களின் உறுமலும் கடலின் ஓசையும் மட்டுமே மிஞ்சும். அருகில் உள்ள வீர்ஸ் கோவ் என்னும் சிறு கடற்குடாவையும் பாருங்கள். காவலர் குடும்பங்களுக்குக் கப்பலில் வந்த பொருள்களை அங்கேதான் செங்குத்துப் பாறையில் வெட்டிய பிளவு வழியாகக் கம்பிவடத்தில் கட்டி மேலே இழுத்தார்கள். பாறையில் அந்தத் தடம் இன்றும் தெரிகிறது. அங்கு வாழ்ந்தவர்கள் எவ்வளவு தனித்திருந்தார்கள் என்பதை அந்த வெட்டைப் பார்த்தால் உணரலாம். நீங்களும் உணவுப் பொருள்களையும் குடிநீரையும் முழுதாக வாங்கிக்கொண்டு, பெட்ரோலை நிரப்பிக்கொண்டே போக வேண்டும்.

ஜனவரியில் இரவு எட்டரை மணி வரை வெளிச்சம் இருப்பதால் மாலை நேரம் தாராளமாகக் கிடைக்கும். கோடையில் காட்டுத்தீ அபாயம் மிக உயர்ந்த நாள்களில் பூங்காக்களை மூடிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படி மூடினால் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா, தேதியை மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சமைத்துச் சாப்பிடும் வசதியுள்ள வீட்டில்தான் தங்கப் போகிறோம். குழந்தைக்காகத் தேனும் தேன் நெல்லியும் கொண்டுபோகலாமா?
– வாசகி, அடிலெய்டு

பதில்: கூடாது. 1880களில் இத்தாலியிலிருந்து வந்த லிகூரியத் தேனீக்கள் இந்தத் தீவில் வேறு இனத்தோடு கலக்காமல் வாழ்ந்து வருகின்றன; 1885லேயே சட்டம் இயற்றித் தீவைத் தேனீக்களின் சரணாலயமாக அறிவித்தார்கள். வெளித் தேனிலோ மெழுகிலோ ஒட்டிவரும் நோய் அவற்றைத் தாக்கிவிடும் என்பதால் தேன், மெழுகு, மகரந்தம் எதையும் தீவுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. தேனில் ஊறிய நெல்லிக்காயையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். காலணிகளிலும் கூடாரத்திலும் ஒட்டியிருக்கும் மண்ணையும் விதைகளையும் கப்பல் ஏறும் முன் தட்டிக் கழுவிவிட வேண்டும். தேனைத் தீவிலேயே வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது அதை அடிலெய்டுக்குக் கொண்டுவரத் தடையில்லை.